எட்டு புள்ளி இரண்டு

குலசேகரத்தில் ரப்பர்பாலைச் சுழற்றிக் கடையும் ஆலை.
பின்பக்கத்தில் ஓர் ஆய்வறை, ஒரு பியூரெட்,
அம்மோனியாவுக்கு அழுது பழகிய என் கண்கள்.
மற்றபடி இங்கே அழ எனக்கு ஒன்றுமில்லை.

பதினோரு மாதமாக
இரண்டு கிராம் பாலுக்கு
எட்டு புள்ளி இரண்டு மில்லி அமிலம்.
மஞ்சள் ஓடிய பால்
ஒரே துளியில் ரோஸ் நிறமாகும்.
கலக்கினாலும் அது திரும்பிப் போகாத நொடியில்
சாவியைத் திருகி மூடுவேன்.
மாதம் ஒருமுறை கோட்டயத்திலிருந்து வரும் தாளிலும்
அதே கணக்கு.
ஞானசிகாமணி சார் இரண்டு தாளையும் சேர்த்துக் குத்தி
ஆணியில் மாட்டுவார்.

ஐப்பசி மழையில் கரண்டு போன ஒரு மத்தியானம்
ஃபேன் நின்றது.
பீக்கரைச் சுற்றி நெடி கெட்டியானது.
அப்போதுதான் மூக்குக்கு உறைத்தது:
திறந்துவைத்து நான் எடை போட்ட நேரமெல்லாம்
அம்மோனியா என்னிடம் சொல்லாமல்
ஜன்னல் வழியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் மூடியுள்ள குடுவையில் எடை போட்டேன்.
எட்டு புள்ளி ஏழு.
இன்னொரு தடவை.
எட்டு புள்ளி ஏழு.

"நேத்து வர சரியாட்டுதானே வந்துது,
இன்னைக்கு என்ன செய்து வச்சிருக்க?"

ஒரு தப்பைத் திருத்தினேன் சார் என்று
எப்படிச் சொல்வது,
ஆணியில் இருபத்திரண்டு தாள்கள்
எனக்கெதிராகத் தொங்கும்போது?

மூன்றாம் நாள்
பியூரெட்டின் காலடியில் குனிந்து பார்த்தேன்.
சாவிக்குக் கீழே, கூர்முனைக் குழலுக்குள்
இரண்டு விரற்கடைக் காற்று.
நிரப்பும்போது பதுங்கியிருந்து
முதல் துளிகளுக்கு முன்னால் நழுவுகிறது.
அது காலி செய்த இடத்தில் அமிலம் குடியேறுகிறது.
பாலில் விழாத அந்த அரை மில்லியையும்
பாலின் பேரில் நான் பற்று எழுதியிருக்கிறேன்,
தினமும், நீல மையில்.

ஜன்னல் எடுத்துக்கொண்டதைக்
குமிழி திருப்பிப் போட்டிருக்கிறது,
ஒன்றுக்கொன்று தெரியாமலே.
கீழே கையெழுத்து மட்டும் என்னுடையது.

சாவியை முழுக்கத் திறந்து
ஒரு சீறலில் காற்றை வெளியேற்றினேன்.
மூடியும் போட்டேன்.
மெதுவாக, துளித் துளியாக.
எட்டு புள்ளி இரண்டு.

"பாத்தியா, பழையபடி ஆச்சு.
இதுக்கா மூணு நாளு?"
சார் தாளைக் குத்தினார்.
வெளியே டேங்கர் ஹார்ன் அடித்தது.

மற்ற இருபத்திரண்டோடு
எந்த வித்தியாசமும் இல்லாமல்
அதுவும் ஆணியில் தொங்குகிறது.
ஃபேன் சுற்றும்போது
எல்லாம் ஒன்றாகத்தான் படபடக்கின்றன.