அரைப்புள்ளி

வின்னிபெக். ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
டெலிசினி அறைக்குள்ளும் ஸ்வெட்டர்தான்,
இயந்திரத்துக்குக் குளிர் வேண்டுமாம்.
இரவுப் பணியில் ஒக்சானா ஹ்ரின்சுக்,
முன்னால் பதினாறு எம்.எம். சுருள்.

பிலிமுக்கு நொடிக்கு இருபத்துநாலு,
வீடியோவுக்கு முப்பது.
வந்தது நாலு பேர்,
போட வேண்டியது அஞ்சு இலை.
படத்தைப் பாதி பாதியாக வகுந்து
ஒன்றுக்கு இரண்டு பாதி, அடுத்ததற்கு மூன்று,
தக தகிட தக தகிட என்று
விடிய விடியப் பரிமாறுகிறாள்.

முப்பது என்பதும் பேச்சுக்குத்தான்.
இருபத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு.
கலர் வந்தபோது கிள்ளிய முனை
இன்னும் வளரவில்லை.

"நிமிஷத்துக்கு ரெண்டு ஃபிரேம் எறிகிறாயாமே?"
பூட்ஸில் பனியோடு வந்து நின்றார் ரெஜான்.
உறைந்த ஏரிமேல் ஆறு வாரம்
குப்புறப் படுத்து எடுத்த படம்.
ஃபிரேமுக்கு ஃபிரேம் காசு.

அவள் சக்கரத்தை விரலால் உருட்டினாள்.
ஐம்பத்தொன்பதாம் நொடி, இருபத்தொன்பதாம் ஃபிரேம்:
துளையிலிருந்து மீன் பாதி வெளியே.
ஒரு சொடுக்கு.
அடுத்த நிமிஷம், சுழியம், சுழியம் இரண்டு:
மீன் இன்னும் ஒரு விரற்கடை மேலே.
கை தாவவில்லை. நீர்த்துளி தாவவில்லை.
தாவியது எண் மட்டும்.

"உங்கள் கட்டடத்தில் பதின்மூன்றாம் மாடி உண்டா?"
"கிடையாது."
"பதினாலில் யார்?"
"நான்தான்."
"காணாமலா போய்விட்டீர்கள்?"

சிரிப்பார் என்று நினைத்தாள்.
அவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்து
போன வருஷப் படத்தைப் பேச ஆரம்பித்தார்.

அதில் எதையும் விடவில்லை.
ஒன்றுக்குப் பின் இரண்டு, எல்லா எண்ணும் வரிசை.
டேப் ஒரு மணி என்றது,
சுவர்க்கடிகாரம் அதற்கு மேல் மூன்று புள்ளி ஆறு நொடி என்றது.
சேனல் சுவர்க்கடிகாரத்தின் பக்கம்.
நறுக்கிய நுனியில் இருந்தது ஒரே பெயர்:
ஒலிப்பதிவு, ஸ்வாவா தோர்கெல்சன்.
கிம்லியில் அவள் வீட்டார் பன்னிரண்டு பேர்
டிவி முன்னால்.
வந்தது சோப்பு விளம்பரம்.

அந்த டேப்பின் லேபிளில் இருந்தது
யார் கையெழுத்து என்று அவர் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.
ஐந்து படத்தில் இரண்டு
ஒன்றின்மேல் ஒன்று கலந்து நடுங்கும்,
அந்த மாதிரி ஒன்று திரையில் நின்றது:
பாதி மீன் நேற்றையது, பாதி இப்போதையது.

பிறகு அவள் புது லேபிளை எடுத்தாள்.
மணிக்குப் பின் முக்காற்புள்ளி.
நிமிஷத்துக்குப் பின் முக்காற்புள்ளி.
நொடிக்குப் பின் வழக்கம்போல் வைக்கப்போய்,
நிறுத்தி,
பேனா முனையை ஹீட்டரில் காட்டி
அரைப்புள்ளி வைத்தாள்.

வித்தியாசம் கால்தான்.
ரெஜான் கண்ணாடி போட்டு, குனிந்து,
அந்தக் காலைச் சரிபார்த்தார்.
"இரண்டாம் ரீல் போடு" என்றார்.