நாற்பத்தேழு

கிதார் முன்னூறு ஸ்லாட்டி.
அதற்குள் வைக்கப்போகும் சாமான் நானூற்றுப் பத்து.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
சாக்ஸ் ஆலையில் நாளெல்லாம் ஜோடி சேர்க்கிறவள் நான்,
எனக்குக் கணக்கு தெரியாமலில்லை.

வூட்ச் நகரத்தில் பிப்ரவரி. சமையல் மேசையில்
கிதாரைக் கிடத்திக் கம்பிகளைத் தளர்த்தினேன்.
ஒவ்வொன்றும் ஒரு வசவோடு இறங்கியது.
முட்டை அட்டையில் பத்துக் குழி,
திருகுகள் பதினொன்று.
கடைசியை உதட்டில் கவ்விக்கொண்டு
வெள்ளைத் தகட்டைத் தூக்கினேன்.

உள்ளே
நாங்கள் ஆலையில் கழித்துக்கட்டும் நூலைப் போல ஒயர்கள்.
ஷிஃப்ட் முடியும் நேரத்தில் யாரோ வைத்த ஈயப் பொட்டுகள்.
வால்யூம் குமிழைத் திருப்பினால்
கருகிய ரொட்டியைச் சுரண்டும் சத்தம்.
கையெடுத்தால் ரீங்காரம். கம்பியைத் தொட்டால் அடங்கிவிடும்.
என் உடம்புதான் அதற்குத் தரை.
மூன்று வருடம் கூடவே இருந்த கஸ்பெர்
ஒரு நாளும் இவ்வளவு லேசில் அடங்கியதில்லை.

ஆனால் சொல்ல வந்தது வேறு.
இரவு பதினொன்றுக்கு மேல்
ஆம்ப்ளிஃபயரில் ஒரு பெண் வருவாள்.
டாக்ஸி நிலையத்தின் ரேடியோ,
வழி தவறி என் கிதாருக்குள் புகுந்தது.
“நாற்பத்தேழு, பவூத்திக்கு ஒரு சவாரி.”
“நாற்பத்தேழு, எங்கே தொலைந்தாய்?”
மூக்கடைத்த குரல். குளிர்காலம் முழுக்க ஜலதோஷம்.
ஒரு முறை கொட்டாவி விட்டாள்,
இங்கே எனக்கும் வந்தது.

மாடிவீட்டு மிரெல்லா சால்டரிங் அயர்ன் கொடுத்தாள்.
ஒயரில் அவள் நாயின் பல்தடம்.
பிசின் புகைந்து கண் எரிந்தது.
முதல் பொட்டு சாம்பல் பூத்துச் செத்துக் கிடந்தது.
ஐந்தாவது, மீன்கண்ணாகப் பளிச்சிட்டது.
பிறகு குழிவெங்கும் செம்புத் தாள்,
மூலைமுடுக்கு விடாமல், நகத்தால் நீவி நீவி.
விரல் இரண்டு இடத்தில் கிழிந்தது.

செருகிப் பார்த்தேன்.
நிசப்தம்!
ரீங்காரம் இல்லை, கரகரப்பு இல்லை.
எழுந்து நின்று எனக்கே கை தட்டினேன்.
அப்புறம் கம்பியை மீட்டினேன்.
அதுவும் நிசப்தம்.

ஒரு மணி நேரம் தேடினேன்.
ஜாக்கின் நாக்கு செம்பில் முட்டிக்கொண்டிருந்தது.
காப்பு நாடா, அரை அங்குலம்.
இப்போது மீட்டினால்
தாழ்க்கம்பி மேசைக் கரண்டிகள்வரை நடந்து போனது.
கையெடுத்தேன்.
சத்தமே இல்லை. என் கை அதற்கு இனி வேண்டியதில்லை.

பதினொன்று அடித்தது. பதினொன்றரை.
குமிழைக் கடைசிவரை திருப்பி,
ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தேன்.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
நாற்பத்தேழு வந்து சேர்ந்தானா,
பவூத்தியில் யார் குளிரில் நிற்கிறார்கள்,
ஒன்றும் தெரியவில்லை.
நானூற்றுப் பத்து ஸ்லாட்டி கொடுத்து
கதவை நானே சாத்தியிருக்கிறேன்.

அவர்களுடைய எண் டிராம் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும்,
தினமும் பார்த்து மனப்பாடம்.
அடித்தேன். மணி இரண்டு முறை.
“டாக்ஸி நிலையம், சொல்லுங்கள்.”
மூக்கு இப்போது அடைக்கவில்லை.
எங்கே போவதென்று நான் யோசித்திருக்கவில்லை.
“எந்த வண்டியானாலும் சரி,” என்றேன்,
“நாற்பத்தேழு மட்டும் வேண்டாம்.”

மறுமுனையில் பேச்சில்லை.
பிறகு, துளி இரைச்சல் கலக்காமல்,
அவள் சிரித்தாள்.

முட்டை அட்டையில் ஒரு திருகு மிச்சம்.
எதனுடையது என்று இன்னும் தெரியவில்லை.