மட்டி ஒரு படலை

தோவாளையில் இறங்கும்போது காலை ஐந்தரை.
பிச்சிப்பூ கிலோ எண்ணூறு என்றார்கள்.
டீ குடித்துத் திரும்புவதற்குள் அறுநூற்றைம்பது.
"இன்னொரு டீ குடிங்க" என்றாள் தமயந்தி.
குடித்தேன்.
கல்யாண வேன் ஒன்று வந்து நின்று
இருந்ததையெல்லாம் அள்ளிப்போக,
எங்களுக்கு மிஞ்சியது கால் கிலோ கிரேந்தியும்
நாலு டீக் கணக்கும்.

கரூரில், எடைமேடையில் வேலை எனக்கு.
லாரி ஏறும், எண் எரியும், எழுதுவேன்.
எந்த லாரியும் என்னிடம்
கொஞ்சம் பார்த்துப் போடுங்க என்று கேட்டதில்லை.
ஆகவே சந்தையில் பேசுவது அவள், பை பிடிப்பது நான்.
பன்னிரண்டு வருட ஏற்பாடு.

நாகர்கோவில். நாகராஜா.
கிரேந்தியை மஞ்சள் பூசிய கல்நாகங்களுக்கு வைத்தோம்.
ஓலை வேய்ந்த கருவறைக்குள்
தரை எப்போதும் ஈரமாம்.
இலைத்துண்டில் வைத்து நீட்டிய பிரசாதம்
மண்.
என்ன விலை என்றும் இல்லை,
இன்னும் கொஞ்சம் என்று கேட்கவும் வழியில்லை.
தமயந்தி வாயைத் திறந்து, மூடினாள்.
ஆறு மாசம் கறுப்பு, ஆறு மாசம் வெளுப்பு என்று
பின்னால் யாரோ யாருக்கோ சொன்னார்.
வெயிலில் பிடித்துப் பார்த்தோம்.
மண் நிறத்தில் இருந்தது.
மடித்துச் சட்டைப்பையில் போட்டேன்.

வடசேரிச் சந்தை.
செந்துளுவன், ஏத்தன், பேயன், மட்டி.
சீப்பு என்ன விலை?
"படலையா? மட்டி எழுவது."
"நாப்பது."
"எக்கா, கரூர்ல இருந்து வாங்கண்ணு நானா கூப்பிட்டேன்?"
"தோலெல்லாம் கறுத்துக் கெடக்கு."
"தொலி கறுத்தாத்தான் உள்ள தேனு."
அவள் மூன்றடி நடந்தாள்.
அந்த மூன்றடி எந்த ஊர்ச் சந்தையிலும்
ஒரே நீளம்.
பக்கத்தில் மரச்சீனி விற்றவள் சிரித்தாள்:
"குடுத்துவிடு தாணு, அவிய போவமாட்டாவ."
அறுபது.
ஜெயித்த பத்து ரூபாயை
என் சட்டைப்பையில், மண்ணுக்குப் பக்கத்தில் செருகினாள்.

சுசீந்திரம். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்.
தொப்பை, பூணூல், மச்சம், ஆபரேஷன் தழும்பு.
யாருக்கும் பாக்கெட் இல்லை.
அனுமனுக்கு வெண்ணெய் சாத்திக்கொண்டிருந்தார்கள்,
என் கண் தானாக எடை போட்டது: எட்டுக் கிலோ.
தாணு, மால், அயன், மூவரும் ஒரே லிங்கம் என்று
பலகையைப் படித்துக் காட்டினேன்.
"மூணும் சேத்தா?" என்றவள்
உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வரிசையில் முன்னால் நின்ற முதுகு திரும்பியது.
"பழம் எப்பிடி?"
ஆள் பிடிபடவில்லை.
"வடசேரி. மட்டி."
இன்னும் சாப்பிடவில்லை என்றேன்.
"இண்ணைக்கே தின்னுரணும். நாளைக்கி ஆவாது."
தமயந்தி தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
சட்டை கைக்கிடுக்கில் சுருண்டிருந்தது,
நான் பாக்கெட்டைத் தேடுவதற்குள்
வரிசை நகர்ந்துவிட்டது.
சந்நிதியில் அவன் நெடுநேரம் எடுத்துக்கொண்டான்.
உதடு அசைந்தது. ஒருமுறை
கட்டாது என்பதுபோலத் தலையை ஆட்டினான்.
பிறகு இன்னும் ஏதோ சொன்னான்.

குமரிக்குப் போகிற டவுன் பஸ்ஸில்
ஆளுக்கு நாலு தின்றோம்.
தொலி காகிதம் மாதிரி. அவன் பொய் சொல்லவில்லை.
மூன்றாவது பழத்தில், "எழுவதே குடுத்திருக்கலாம்" என்றாள்.
நான்காவதில், "அறுவத்தஞ்சு."

அவளுக்கு டிக்கெட் இலவசம். எனக்குப் பத்து.
நோட்டை எடுத்தால் மண்ணும் கூடவே வந்தது,
இலை எப்போது பிரிந்ததோ.
கண்டக்டர் உதறவில்லை.
விரலில் ஒட்டியதைப் பார்த்து "நாகராஜாவா?" என்றார்.
காலருக்குக் கீழே, படை படர்ந்த இடத்தில்
அதைத் தேய்த்துக்கொண்டு
டிக்கெட் கிழித்தார்.
"முன்னால போங்க, எடம் கெடக்குல்லா,
முன்னால போங்க."