கப்பலூர், இரண்டாம் ஷிப்ட்

தகரக்கூரை கொதிக்கிற மூணு மணிக்கு
பால் ஸ்க்ரூ கொஞ்சம் நீளும்,
மயிரிழையில் ஆறில் ஒரு பங்கு.
மோட்டாருக்கு அது தெரியாது.
பத்துச் சுற்று சுற்றியாச்சு, வந்து சேர்ந்தாச்சு
என்று சத்தியம் செய்யும்.
டயல் கேஜை வைத்தால்
பன்னிரண்டு மைக்ரான் பொய்.

போன வாரம் மேசையோரம்
கண்ணாடி ஸ்கேல் பொருத்தினோம்,
நானும் செவனாண்டியும்.
அதன்மேல் ஊர்கிற ரீடிங் ஹெட்
சுற்றுக் கணக்கையெல்லாம் கேட்பதில்லை.
நிற்கிற இடத்தில் குனிந்து
கோட்டைப் பார்க்கும்.
இன்னும் வரலை என்னும்.
மோட்டார் மறுபேச்சில்லாமல் நகரும்.

"இந்தா, பழங்காநத்தம் தாண்டிட்டேன்க்கா"
என்கிறான் செவனாண்டி போனில்.
பின்னால் அவன் வீட்டுக் குக்கர்
மூணாவது விசில் அடிக்கிறது.

திங்கட்கிழமை மறுபடி அளவு ஓடியது.
ஆறு பீஸ் குப்பைக்கு.
உறையைக் கழற்றினால்
கோடுகளின்மேல்
கூலன்ட்டோடு வந்த ஒரு துளி.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாரும்மா
என்பார் முதலாளி, என்னிடம்.
இதனிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள் சார்.
பஞ்சில்லாத துணியில்
ஸ்பிரிட் தொட்டு
ஒரே பக்கமாய்த் துடைக்கிறேன்,
மூச்சுக்கூட மேலே படாமல்.