பல் நிறம்

சென்றாயனை நான் முதலில் பார்த்தது
கேமராவுக்குள் இல்லை.
தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில்
எங்கள் கேபிள் ஆபீஸ் மாடியில்
கறுப்புத் துணி விரித்து
பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வெள்ளை தெறித்து
நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தார்.
பால்வீதிக்குத் தனி ரேட் கேட்டார்.
முதலாளி தரவில்லை.
அதனால் எங்கள் வானத்தில் பால்வீதி கிடையாது.

அன்று கிரகணம் பற்றிப் பேச வேண்டிய பேராசிரியர்
தொப்பூர் கணவாயில்
லாரி கவிழ்ந்த நெரிசலில் நின்றார்.
லைவுக்கு ஆறு நிமிஷம்.
"நீ பேசுவியா?" என்றார் முதலாளி, யாரையோ பார்த்து.
திரும்பியவர் இவர்.
லுங்கி. ஆகவே
இடுப்புக்கு மேலே ஃபிரேம் வைத்தேன்.

ஒரு வட்டம் வரைந்தார். அதன்மேல் இன்னொன்று.
"நெழல்னா என்னாங்க,
வெளிச்சம் வந்து சேராத எடம்.
நாங்க தெனம் போடுறதுதான்."

பதினோரு வருஷம் ஓடியது,
ஞாயிறு காலை பத்தரை.

அதற்கு முன்பு பள்ளிச் சுவர்கள் வரைந்தவர்.
காரிமங்கலம் பக்கம் ஒரு சுவரில் சூரியக் குடும்பம்.
சனி வந்ததும் சுவர் தீர்ந்து ஜன்னல் வந்துவிட்டது.
வளையத்தை ஜன்னல் கதவின்மேல் இழுத்தார்.
கதவைத் திறந்தால் வளையம் உடையும்.
ஹெட்மாஸ்டர் கூலியில் ஐம்பது பிடித்தார்.
நிகழ்ச்சிக்காகப் படித்தபோதுதான் தெரிந்தது
அது வளையமே இல்லை,
உடைந்த பனியும் கல்லும் சுற்றுகிற கூட்டம் என்று.
"அந்த அம்பது ரூவா எனக்கு வரணும்" என்றார் நேரலையில்.
மணியார்டரில் வந்தது.

வௌவாலுக்குக் கண் தெரியாது என்று
ஒருமுறை சொல்லிவிட்டார்.
அடுத்த ஞாயிறு வேறெதுவும் பேசவில்லை,
இருபது நிமிஷம் வௌவாலின் கண்ணை வரைந்தார்.
"படத்துல தப்புன்னா மேல பூசிடலாம்.
இங்க தப்பக் காட்டிட்டுத்தான் அழிக்கணும்."

பிறகு சென்னை.
என்னையும் கூட்டிப்போனார்,
அவர் முகம் என் கைக்குப் பழகியதாம்.
மேக்கப் போட்ட பெண்
வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு
ஒரு நொடி நின்றாள்.
எங்கள் ஊரில் யாரும் அப்படி நிற்கமாட்டார்கள்.
பென்னாகரத்து போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த வாயெல்லாம்
துருக் கோடும் பழுப்பும்
இடையிடையே சுண்ணாம்புத் திட்டும்தான்.
"கேப் போட்டுக்கலாம் சார், சேனல் செலவு."

போட்டுக்கொண்டார்.
அதையும் சொல்லியாக வேண்டும்.
நாலு மாதம் பளிங்குப் பல்லோடு
கருந்துளை பற்றிப் பேசினார். ரேட்டிங் ஏறியது.
சிரிக்கும்போது மட்டும்
கை தானாக எழுந்து வாயை மூடியது.
மறைக்க எதுவும் இல்லாத வாயை.
அந்தக் கையால் எத்தனை ஷாட் கெட்டது
என்று எனக்குத்தான் தெரியும்.

தண்ணீர் பற்றிய வாரம்.
கேப்பைக் கழற்ற முடியாது,
அடியில் இருந்ததைத் தேய்த்துவிட்டார்கள்.
ஒரு வெள்ளை கேன்வாஸ் கேட்டார்.
மஞ்சள் காவி, சுட்ட காவி, ஊசிமுனை கறுப்பு.
கண்ணாடி பார்க்காமல் கலந்தார்.
"இது என் பல்லு" என்றார்.
"தேய்க்காததால வந்ததில்ல.
பாறையில இருந்த ஃப்ளோரைடு தண்ணில கரஞ்சுது.
பல்லு முளைக்கிறதுக்கு முன்னாலயே
எங்களுக்குள்ள வந்து உக்காந்துடுச்சு.
ஜூம் பண்ணு."

பண்ணினேன்.

பாலக்கோட்டிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் போனில் வந்தாள்.
"சார், காவி எவ்ளோ, வெள்ளை எவ்ளோ?
என்னுது இன்னும் டார்க்."
"மூணுக்கு ஒண்ணு. கண்ணாடியப் பாத்துக் கலக்கு."

விளம்பர இடைவேளை.
அவர் என் பக்கம் திரும்பி
"உன்னுது எப்பிடிடா?" என்றார்.
நானும் பென்னாகரம்தான்.
கேமராவுக்குப் பின்னால் வேலை தேடியதற்கு
யாரிடமும் காரணம் சொன்னதில்லை.
குனிந்து
சரியாகவே இருந்த ஃபோகஸை
இன்னொருமுறை சரிபார்த்தேன்.