துணைக்கால்

புக்கிட் பாத்தோக், இரவு ஒன்பதரை.
ஒன்பதாம் மாடிக்கும் பத்துக்கும் நடுவில்
மின்தூக்கி நின்றுவிட்டது.
உள்ளே நான்,
கங்கோங் கீரைக் கட்டோடு மிஸ்டர் கோ,
பதினோராம் மாடி சுரியானி.

கதவருகே புது அறிவிப்பு, நான்கு மொழியில்.
கடைசி வரி நமது:
'கதவில் சாயதீர்.'

ஒரு வாரமாக என் தூக்கத்தைக் கெடுக்கிறது.
யகரத்துக்குக் கால் இல்லை.
கால் இல்லாத சொல்
சாயாமல் எப்படி நிற்கும்?

பையைத் துழாவினேன். கண்மைப் பென்சில்.
இழுத்தேன், ஒரேயொரு கால்.

"வேர்ட் நெர்ட்!" என்று சிரித்தாள் சுரியானி.
அதற்கு உங்கள் மொழியில் என்ன?

சொற்பித்து என்றால் காய்ச்சல் அடிக்கிறது.
சொல்லாசைக்காரி,
கடன் வாங்கி ஓடியவள் மாதிரி.
புத்தகப் பிரியர்களைப் புழு என்போம் நாங்கள்.
மிஸ்டர் கோவுக்கும் புழுதானாம்,
சுரியானிக்குப் பேன்.
சொல்லைத் தின்கிறவளுக்குத்தான்
இன்னும் பூச்சி அமையவில்லை.

"சொற்கொறி" என்றேன் கடைசியில்.
அணில் ஒரு கொட்டையை
இரு கையிலும் திருப்பித் திருப்பி,
விழுங்க மனமில்லாமல்...

சுரியானி சொல்லிப் பார்த்தாள்.
றகரத்தில் வழுக்கி, 'சோகோரி'.
எனதைவிட அது நன்றாயிருந்தது.

விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது.
மிஸ்டர் கோ வாய் திறக்காமல்
கீரைக் கட்டால் இன்னோர் அறிவிப்பைச் சுட்டினார்:
'கிறுக்கினால் அபராதம்.'

எழுத்துக்கூட்டிப் படித்தேன்.
அபராதத்தில் மட்டும்
கால் சரியாகவே இருந்தது.