அடுக்கு 1412

இரவு பெய்த பனியைச் சுப்பீரியர் ஏரிப் பக்கம் தள்ளிவிட்டு
வண்டிகள் திரும்பும் நேரத்தில்
நான் தூள் சலிக்கிறேன்.
மாவு இல்லை, டைட்டானியம்.
தும்மக்கூடாது. கம்பளிச் சட்டை ஆகாது.
ஒரு பொறி போதும் என்று
கதவில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
மூன்றாவது ஃபின்னிஷ்,
எங்கள் ஊர்க் குறும்பு யாரோ பேனாவால் சேர்த்தது.

ராணுவத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தான அன்று
பல்கலைக்கழகம் கேக் வெட்டியது.
மேலே சர்க்கரையில் ஒரு கவச வண்டி.
டீன் பீரங்கிக் குழலைத் தவிர்த்து
சக்கரத்திலிருந்து வெட்டினார்.
"பங்காளிகள்" என்றார் பதினோரு முறை;
பக்கத்தில் நின்ற ஓர்வோ ஹூத்தாலா எண்ணினான்.
ஒழுகிய கட்டடத்துக்குப் புதுக் கூரை வந்தது.
அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி.

கூரையோடு ஒரு கோடும் வந்தது.
தாழ்வாரத்தின் குறுக்கே மஞ்சள் நாடா.
அந்தப் பக்கம் குடியுரிமை.
இந்தப் பக்கம் தெமூலன்.
மங்கோலியாக்காரி.
உருகிய குட்டை எப்படி உறைகிறது என்ற கணக்கு
முழுக்க அவள் போட்டது.
கணக்கு உள்ளே போகலாம், அவள் போகக்கூடாது.
கண்ணாடிக்கு வெளியே நின்று விரலால் காட்டுவாள்:
சூடு அதிகம், குறை.
உள்ளேயிருந்து தலையாட்டுவேன்.
விரலைத் தடுக்கும் விதி
அந்தத் தடித்த புத்தகத்தில் இருக்கிறதா என்று
நாங்கள் தேடவில்லை.

அச்சடிப்பது என்கிறார்கள் இதை.
மையும் இல்லை தாளும் இல்லை.
நாற்பது மைக்ரானுக்குத் தூள், மேலே லேசர், மறுபடி தூள்.
விடிந்தால் உள்ளங்கை அளவில் ஒரு தாங்கி,
ஆட்டின் இடுப்பெலும்பு மாதிரி ஓட்டை ஓட்டையாக.
எதைத் தாங்கும் என்று கேட்டேன்.
"எடையை" என்றார் மேஜர்.
பேர் இல்லை, எண் உண்டு.

மார்ச்சில் ஒன்று திரும்பி வந்தது.
இரண்டாக, பிளாஸ்டிக் பையில்.
துளைகளில் மணல், எங்கள் கரையில் இல்லாத சிவப்பு.
ஒரு துளையில் நூல். நீலம்.
சீருடையில் நீலம் கிடையாது.

முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தேன்.
உருகாத மணிகள் மீன் முட்டை போல
ஒரே வரிசையில்.
அடுக்குகளை எண்ணினேன். 1412.
பதிவேட்டைப் புரட்டினேன்.
ஜனவரி பத்தொன்பது, பின்னிரவு 3.07.
பனியில் மின்கம்பி அறுந்தது, ஒன்பது விநாடி.
மறுபடி ஓட்டப்பட்டது. லெ. கார்யாலா.

லெம்பி கார்யாலா. நான்தான்.

அறிக்கையில் 'மூலக் காரணம்' என்று ஒரு கட்டம்,
எண்பது எழுத்துக்கு மேல் வாங்காது.
"மின்தடை, அவ்வளவு போதும்"
என்றார் பேராசிரியர், கோட்டை மாட்டியபடி.
போட்டேன். பொய்யில்லை.
ஒன்பது விநாடி என்று சேர்த்தேன்.
மறுபடி ஓட்டியது நான் என்று சேர்க்கப் போனேன்,
கட்டம் சிவந்தது.

கண்ணாடிக்கு வெளியே தெமூலன்.
என்ன ஆயிற்று என்று கையை விரித்தாள்.
சூட்டுக்கு எங்களிடம் விரல் இருந்தது.
இதற்கு இல்லை.

பையில் வந்த பொருள்களின் பட்டியலை
யாரோ முன்பே நிரப்பியிருந்தார்கள்:
தாங்கி, துண்டு, இரண்டு.
மணல், இரண்டு கிராம்.
கீழே ஒரு வரி இடம் கிடந்தது.
பேனா எடுத்து எழுதினேன்:
நூல், ஒன்று, நீலம்.